நாலாம் நம்பர் தாள்

எங்கள் லேபில் அவளைக் கண்ணாடி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் மூக்குக்கண்ணாடி போட்ட யாரையோ தேடுவார்கள். அவள் கண்ணாடி போட்டவள் இல்லை, கண்ணாடிப் பாத்திரம் கழுவுகிறவள். ஜாடி, குவளை, குப்பி என்று ஒரு நாளைக்கு இருநூறு உருப்படி அவள் கையில் ஏறி இறங்கும். வாசனை இல்லாத சோப்பு, ஏழு தடவை அலசல், கடைசி அலசல் காய்ச்சி வடித்த தண்ணீரில். ஏழை ஆறாக்கி அவள் ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. வேறு யாராவது ஏமாற்றினால் குவளையை மூக்கருகே கொண்டுபோய், "இது ஆறு" என்பாள். நாங்கள் சிரிப்போம். கழுவினவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் ஆறாகத்தான் இருக்கும்.

லேபுக்கு வருகிறதெல்லாம் குடிதண்ணீரைத் தொடுகிற சாமான்கள். குழாய், குழாய்க்குள் இருக்கிற ரப்பர் வாஷர், மீட்டர், தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரில் அடிக்கிற பூச்சு. இவற்றால் தண்ணீர் கெடாது என்று நாங்கள் சர்டிபிகேட் கொடுத்தால்தான் கம்பெனிக்காரன் முத்திரை குத்தி விற்க முடியும். சாமானைத் தண்ணீரில் ஊறப்போடுவோம். தண்ணீரை மாற்றி மாற்றி ஒரு வாரம் போகும். பிறகு அந்தத் தண்ணீரில் ஈயம் இறங்கியிருக்கிறதா, வேறு ஏதாவது இறங்கியிருக்கிறதா என்று மெஷின் பார்க்கும். மெஷினால் ஆகாதது ருசி. அதற்கு மனுஷ நாக்குதான் வேண்டும். நஞ்சில்லை என்று மெஷின் சொன்ன தண்ணீரை ஆறு பேர் உட்கார்ந்து வாயில் வைத்துப் பார்த்து, ருசி மாறியிருக்கிறதா என்று தாளில் எழுதித் தருவார்கள். நான் ஊறவைக்கிற பகுதியில் இருந்தேன். குவளைகளில் ஊற்றி, ரகசிய எண் ஒட்டி உள்ளே அனுப்புவதும், எழுதி வந்த தாள்களை ஃபைலில் சேர்ப்பதும் என் வேலை. இன்றைக்கும் அதே வேலையில்தான் இருக்கிறேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு வருஷம் ருசி பார்க்கிற ஆறு பேரில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் விலகினார்கள். குழுவைப் பார்த்துக்கொள்கிற மேடம், தோட்டக்காரரிலிருந்து இயக்குநர் வரை எல்லோரும் வந்து சோதனைக்கு உட்கார வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஒரு சுற்றுக்கு மூன்று குவளை. இரண்டில் ஒரே தண்ணீர், ஒன்றில் துளியூண்டு வேறு ஏதோ கலந்திருக்கும். எது வேறு என்று சொல்ல வேண்டும். மொத்தம் எட்டுச் சுற்று. இயக்குநர் எட்டுக்கு இரண்டு எடுத்தார். "இன்னைக்கு எனக்குத் தலைவலி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். தோட்டக்காரர் ஐந்து எடுத்துவிட்டு, அந்த வாரம் முழுக்க இயக்குநருக்கு வழக்கத்தைவிடப் பலமாக வணக்கம் வைத்தார்.

கண்ணாடி அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எட்டுக்கு எட்டு. எழுந்திருக்கும்போது மேடத்திடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"ஆறாவது சுத்துல நடுவுல வெச்ச குவளை நான் கழுவினது இல்ல மேடம். வேற யாரோ கழுவியிருக்காங்க."

மேடம் என்னைப் பார்த்தார். அந்தக் குவளையை அவசரத்துக்கு நான்தான் கழுவியிருந்தேன்.

அப்படித்தான் அவள் நாலாம் நம்பர் ஆனாள். அந்த அறையில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். வெள்ளைச் சுவர், வாடை புகாத கதவு, ஒருத்தர் முகம் இன்னொருத்தருக்குத் தெரியாதபடி தடுப்பு, ஒவ்வொரு தடுப்புக்கும் துப்புவதற்கு ஒரு சின்னத் தொட்டி. மற்ற ஐந்து பேரும் காலேஜ் படித்தவர்கள். அவர்களோடு ஒரே வரிசையில் அவளுக்கும் ஒரு நாற்காலி. காலையில் இரண்டு மணி நேரம் அந்த நாற்காலி, மிச்ச நேரம் பழையபடி கழுவும் தொட்டி.

அந்த இரண்டு மணி நேரத்துக்காக அவள் வாழ்க்கையையே திருப்பிப் போட்டுக்கொண்டாள். தலைக்கு வாசனை எண்ணெய் கிடையாது. பவுடர் கிடையாது. காலையில் காப்பி கிடையாது. ருசி பார்க்கிற நாளுக்கு முந்தின நாளே வெங்காயம், பூண்டு, மிளகாய் மூன்றையும் நிறுத்தி, உப்பையும் குறைத்துவிடுவாள். மற்றவர்களும் இதையெல்லாம் செய்ய வேண்டியவர்கள்தான். ஆனால் ஐந்தாம் நம்பர் வராந்தாவில் நின்று ஏலக்காய் மெல்லுவதை நானே பார்த்திருக்கிறேன்.

அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். வேடிக்கையாகப் பேசுகிற மனுஷர். ஒரு தடவை வீட்டுக்குப் போயிருந்தபோது என்னிடம் முறையிட்டார்:

"எங்க வீட்ல ரெண்டு நாக்கு இருக்கும்மா. ஒண்ணு ருசி பாக்குது, ஒண்ணு என்னைத் திட்டுது. ரெண்டும் ஒரே வாயில இருக்கறதுதான் கஷ்டம். முன்னெல்லாம் குழம்பு சரியில்லன்னு நான் சொல்லுவேன். இப்ப அந்த உரிமையும் போச்சு."

"உப்பில்லாம சாப்பிட்டா உங்களுக்கு ரத்தக்கொதிப்பு வராது, பேசாம சாப்பிடுங்க" என்றாள் அக்கா. அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. பதினாலு வருஷ வேலையில் அந்த ஆறு வருஷம் மட்டும் அவள் முகத்தில் அந்தப் பெருமையைப் பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை.

ஆறாவது வருஷத்தில்தான் அந்த நீலப் பூச்சு வந்தது. சிமெண்ட் தொட்டியின் உட்புறம் அடிக்கிறது. பெரிய கம்பெனி. லேபுக்கு வருகிற வேலையில் கால்வாசி அவர்களுடையது. மெஷின் சோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. ருசிக்கு வந்தபோது, வெறும் தண்ணீரில் ஊறினதில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஊர்க்குழாயில் வருவதுபோலக் குளோரின் கலந்த தண்ணீரில் ஊறினதை, வழக்கம்போல, நல்ல தண்ணீர் சேர்த்து இரண்டு மடங்கு, நாலு மடங்கு, எட்டு மடங்கு என்று நீர்க்கவைத்து அனுப்பினேன். ஐந்து தாளில், நீர்க்காத தண்ணீரில்கூட ஒன்றுமில்லை என்று இருந்தது. நாலாம் நம்பர் தாளில் எட்டு மடங்கு வரை தெரிகிறது என்று எழுதி, பக்கத்தில் குண்டுக் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: 'புண்ணுக்குக் கட்டின கட்டை அவிழ்க்கும்போது வர்ற வாடை.'

ஐந்து பேர் ஒரு பக்கம், ஒருத்தர் மட்டும் எட்டு மடங்கு தள்ளி நின்றால் திரும்பச் செய்ய வேண்டும் என்பது விதி. திரும்பச் செய்தோம். திரும்பவும் அதே எட்டு, அதே வரி. மேடத்துக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாளைக்கு அவங்களுக்கு மட்டும் நாலு குவளையில ரெண்டுல வெறும் நல்ல தண்ணிய வை. அவங்களுக்குத் தெரிய வேண்டாம். பிரமையா, நிஜமான்னு பாத்துடுவோம்."

வைத்தேன். நல்ல தண்ணீர் இருந்த இரண்டுக்கும் 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தாள். மற்ற இரண்டுக்கும் அதே புண் கட்டு. பிரமை இல்லை. அது மூன்று பேருக்குத் தெரியும்: மேடத்துக்கு, மேடம் போய்ச் சொன்ன இயக்குநருக்கு, எனக்கு. அக்காவுக்கு மட்டும் தெரியாது.

இயக்குநர் அறையில் பேசினது எனக்கும் கேட்டது. ஃபைலோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"விதி என்ன சொல்லுது? ரெண்டாவது தடவையும் ஒருத்தர் மட்டும் விலகி நின்னா அந்தத் தாளை ஒதுக்கி வைக்கலாம். சொல்லுதா இல்லையா?"

"வைக்கலாம்னுதான் சார் இருக்கு. வைக்கணும்னு இல்ல. அவங்க சொல்றது சரின்னு நமக்கே தெரியும்போது..."

"நாம சர்டிபிகேட் குடுக்கறது சராசரி மனுஷன் குடிக்கற தண்ணிக்கு, மேடம். அந்த அம்மா நாக்கு சராசரி இல்ல. நாய்க்கு மோப்பம் இருக்குன்னு அதை வெச்சா ஊருக்குச் சட்டம் போடுவாங்க?"

நாலாம் நம்பர் தாளை ஒதுக்கி, மற்ற ஐந்தை வைத்து சராசரி போட்டார்கள். பூச்சு தேறிவிட்டது. எல்லாம் விதிப்படி. எங்கேயும் ஒரு எழுத்துக்கூட அடித்துத் திருத்தவில்லை. ஒதுக்கிய தாளையும் விதிப்படி ஃபைலின் கடைசியில் சேர்த்தேன்.

பத்து நாள் கழித்து அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. 'மிகை உணர்திறன் காரணமாகக் குழுவிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள்.' அவள் அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள்.

"மிகைன்னா என்ன அர்த்தம்?"

"ரொம்ப அதிகம்னு அர்த்தம்க்கா."

"ரொம்ப அதிகமா தெரியுதுன்னா நிறுத்தறாங்க?"

நான் குவளைகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தேன். அவள் கடிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கழுவும் தொட்டிக்குப் போனாள். மறுநாள் தலைக்கு வாசனை எண்ணெய் தடவிக்கொண்டு வந்தாள். அது அவளுக்குப் பிடிக்கவும் இல்லை. மத்தியானமே போய்க் குழாயடியில் தலையை அலசிவிட்டாள்.

ஒரு வருஷம் ஓடியது. அவளுடைய தங்கை ஊரின் மறுகோடியில் ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தில் இருந்தாள். அறுபது வீடுகள். தங்கையின் கணவர்தான் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர். வங்கியில் வேலை, எதையும் எழுத்தில் வாங்கிக்கொள்கிற ஆள். தங்கைக்கு இரண்டு குழந்தைகள். நாலு வயசுச் சின்னவன் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்று அடம் பிடிக்க ஆரம்பித்தான். வாயில் ஊற்றினால் துப்பினான். தங்கை அடித்தும் பார்த்தாள். தண்ணீர் சரியாக உள்ளே போகாமல் சிறுநீரில் கிருமி சேர்ந்து, காய்ச்சல் வந்து, நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அப்புறம்தான் தங்கைக்கு உறைத்தது, எதிர்வீட்டிலும் கீழ்வீட்டிலும்கூடக் குழந்தைகள் இப்படித்தான் என்று. அக்காவுக்குப் போன் செய்தாள்.

"நீ வந்து ஒரு வாய் குடிச்சுப் பாருக்கா. எனக்கு லேசா என்னமோ மாதிரி இருக்கு, இவருக்கு ஒண்ணுமே தெரியலங்கறார்."

ஞாயிற்றுக்கிழமை அக்கா போனாள். சமையலறைக் குழாயைத் திறந்து, தண்ணீரைக் கொஞ்சம் ஓடவிட்டு, ஒரு வாய் வைத்தாள். விழுங்கக்கூட இல்லை. துப்பிவிட்டு, சிங்க்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"என்னக்கா?"

"டேங்க் எங்க இருக்கு?"

தங்கையின் கணவர் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார். மூடியைத் தூக்கினார். உள்ளே சுவர் நாலு பக்கமும் பளிச்சென்று நீலம். ஐந்து மாசத்துக்கு முன்னால் விரிசல் விட்டதற்காகச் செப்பனிட்டுப் புதிதாகப் பூசியது. காலி டின்கள் இன்னும் படிக்கட்டு மூலையில் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு டின்னிலும் எங்கள் லேபின் முத்திரை.

"நல்ல கம்பெனிதான் அக்கா. சர்டிபிகேட் பாத்துட்டுத்தான் வாங்கினோம். காப்பி என்கிட்ட இருக்கு" என்றார் அவர்.

அங்கேயே, தொட்டியின் பக்கத்தில் நின்றபடி, அக்கா சொல்லிவிட்டாள். சொல்லக்கூடாது என்று வேலையில் சேரும்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது அவளுக்கு நினைவிருந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் குழந்தை கையில் ஊசி ஏறின இடம் வீங்கியிருந்ததும் நினைவிருந்தது.

"தம்பி, இந்தப் பூச்சு எங்ககிட்ட வந்தது. எட்டு மடங்கு தண்ணி சேத்தும் எனக்குத் தெரிஞ்சது. ரெண்டு தடவை எழுதிக் குடுத்தேன். என் தாளை ஒதுக்கிட்டாங்க. அப்புறம் என்னையும் ஒதுக்கிட்டாங்க. இதை நான் சொன்னேன்னு வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும்."

"உங்க பேரு எங்கயும் வராதுக்கா. நான் அப்படி விடுவேனா?"

பேர் வரவில்லை. அது உண்மைதான். கம்பெனிக்கும் லேபுக்கும் சங்கத்தின் பேரில் அவர் எழுதிய கடிதத்தில், 'உங்கள் ஆய்வகத்தின் சுவைக் குழுவிலேயே ஒருவர் எட்டு மடங்கு நீர்த்த நிலையிலும் வாடையை உணர்ந்து இரு முறை பதிவு செய்துள்ளார் என அறிகிறோம்' என்று எழுதினார். அந்த எட்டு மடங்கு லேபின் நாலு சுவருக்குள் இருந்த ரகசியம். கடிதம் வந்த அன்றே இயக்குநர் அவளைக் கூப்பிட்டார்.

"இது நீங்களா?"

"ஆமா சார். நான்தான்."

அவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வெளியே சொன்னது யார் என்று கடிதத்தில் இல்லை. ஏன் சொன்னாய் என்று பிற்பாடு நான் கேட்டதற்கு, "வேற யாராவது மாட்டிக்குவாங்களேடி" என்றாள்.

விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். நீள மேஜை, நாலு நாற்காலி, நடுவில் ஒரு தண்ணீர்ப் பாட்டில். என்னையும் கூப்பிட்டார்கள். இயக்குநர் பக்கத்தில் பூச்சுக் கம்பெனியின் வக்கீல் உட்கார்ந்திருந்தார்.

"இந்த அம்மாவோட தாள் சரிதானான்னு பாக்க, தனியா ஏதாவது பரிசோதனை நடந்ததா? வெறும் தண்ணி வெச்சு?" என்று வக்கீல் கேட்டார்.

மேடம் தன் பேனா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சோதனையை அவர் எந்தத் தாளிலும் பதிவு செய்யச் சொல்லவில்லை. எனக்கு வீட்டில் படுக்கையில் கிடக்கிற மாமனார், இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள். இதையெல்லாம் இப்போது காரணமாகச் சொல்கிறேன். அப்போது காரணம் எதுவும் தோன்றவில்லை. வெறும் பயம்தான்.

"எனக்கு ஞாபகம் இல்ல சார்" என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும், அப்படி ஒன்று நடந்திருக்கிறது என்று. கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. ஏதோ நல்ல சேதி கேட்டவள் மாதிரிப் பார்த்தாள். தன் நாக்கின் மேல் அவளுக்கே அந்த ஒரு வருஷமாகச் சந்தேகம் இருந்திருக்கிறது.

ரகசியத்தை வெளியிட்டதற்காக வேலை போயிற்று. தனக்கென்று வைத்திருந்த பழைய துவாலை, ரப்பர் கையுறை, ஒரு மக் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கேட்டுவரை நான் கூடப் போகவில்லை.

இரண்டு மாசத்தில் இன்னொரு காகிதம் என் மேஜைக்கு வந்தது. ஃபைலில் சேர்க்கச் சொல்லி. கம்பெனியும் அந்தக் குடியிருப்பும் சமாதானமாகப் போய்விட்டார்கள். நீலப் பூச்சை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, தங்கள் செலவிலேயே வேறொரு பூச்சு பூசித் தருவதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டது. பதிலுக்குச் சங்கம் ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும். 'எங்கள் புகார், சுவைப் பரிசோதனையில் தகுதியோ பயிற்சியோ இல்லாத ஒரு துப்புரவுப் பணியாளர் தந்த தவறான தகவலை நம்பி எழுதப்பட்டது. அதற்கு வருந்துகிறோம்.' கீழே செயலாளர் கையெழுத்து. தங்கையின் கணவர் கையெழுத்து. ஆறு வருஷம் பயிற்சி எடுத்தவள், மாசா மாசம் பரீட்சை எழுதித் தேறினவள், ஒரே வரியில் துப்புரவுப் பணியாளர் ஆகிவிட்டாள்.

அதை எடுத்துக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. என்னைவிட மோசமாகச் செய்தவன் ஒருத்தன் இருக்கிறான் என்று காட்டத்தானோ என்னவோ.

படித்துவிட்டு அவள் அதை வீட்டுக்காரரிடம் நீட்டினாள். அவர்தான் குதித்தார். "போன் போடு! உன் தங்கச்சிக்குப் போன் போடு! நான் கேக்கறேன் நாலு வார்த்தை."

"என்னத்தக் கேப்பீங்க? பூச்சு மாத்தறாங்கல்ல, அது நல்லதுதானே."

"நல்லதாவது! உன்னை வித்துட்டான்டி அவன்."

"அறுபது வீடு இருக்கு. அவங்க பக்கம் அப்படித்தான் போகும். விடுங்க."

விடுங்க என்று சொன்னாளே தவிர, அவள் விடவில்லை. அன்றைக்கு அப்புறம் தங்கை வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். தங்கை போன் செய்தால் எடுப்பாள், நல்லா இருக்கியா என்பாள், வைத்துவிடுவாள்.

வேலைக்கு அலைந்து, கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். படுக்கை விரிப்பு, ஆபரேஷன் துணி எல்லாம் ராட்சத மெஷினில் வெளுப்பார்கள். வெளுக்கிற பவுடரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவது அவள் பொறுப்பு. ஜன்னலே இல்லாத இடம். கதவைத் திறந்ததுமே கண் எரியும். முகமூடி கொடுத்தார்கள். வேர்வையில் நனைந்து மூச்சு முட்டும். எல்லோரும் கழுத்தில் இறக்கிவிட்டுக்கொண்டுதான் வேலை பார்ப்பார்கள். அவளும் அப்படித்தான். எட்டு மாசம்.

அந்த எட்டாவது மாசத்தில்தான் தங்கையின் கணவர் வந்தார். பூச்சு வேலை முடிந்து தொட்டியில் தண்ணீர் விட்டிருந்தார்கள். வேலை திருப்தி என்று கடைசிக் கையெழுத்து அவர் போட வேண்டும். கையில் ஒரு பையில் பழம், இன்னொரு பையில் ஒரு கண்ணாடிப் பாட்டில் தண்ணீர்.

"எப்படி இருக்கீங்கக்கா? உங்க தங்கச்சி ரொம்ப வருத்தப்படறா. அந்தப் பேப்பர் விஷயம்... அது சும்மா ஒரு வழக்கத்துக்கு, வக்கீல் எழுதினது. எனக்கு உங்க மேல எவ்வளவு மரியாதைன்னு உங்களுக்கே தெரியும்."

அக்கா பாட்டிலைப் பார்த்தாள். "இது என்ன தம்பி?"

"புது டேங்க் தண்ணி. கம்பெனிக்காரன் சர்டிபிகேட் குடுத்திருக்கான். ஆனா... நீங்க ஒரு வாய் பாத்துச் சொன்னாத்தான் எனக்கு நிம்மதி. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. உங்க அக்கா என்ன சொன்னாங்கன்னு."

அவள் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "தகுதி இல்லாதவகிட்ட எதுக்குப்பா கேக்கறே?" அக்கா கையைக் காட்டி அவரை உட்கார வைத்தாள்.

அந்த நிமிஷத்தில் தன் மனசில் என்ன ஓடியது என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். நாறுகிறது என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும், அத்தனை வேலையும் மறுபடி முதலிலிருந்து. கையெழுத்துப் போட்டவர் மறுபடி கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டும். சொல்லிவிடலாமா என்று தொண்டைவரை வந்ததாம்.

"ஆனா பொய் சொல்ல இந்த நாக்கு வரலடி."

சுத்தமான டம்ளர் எடுத்து ஊற்றினாள். ஒரு வாய் வைத்து, வாய் முழுக்கச் சுழற்றி, துப்பினாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி. மூன்றாவது தடவை விழுங்கியே பார்த்தாள்.

"ஒண்ணும் தெரியல தம்பி. நல்ல தண்ணிதான்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இது போதும்க்கா, இது போதும்." பழப் பையை மேஜைமேல் வைத்துவிட்டு, செருப்பை அவசரமாக மாட்டிக்கொண்டு போனார். பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக மறக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம். காலை ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த அக்கா, மத்தியானச் சமையலுக்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் நறுக்கிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கத் தீப்பெட்டியை எடுத்திருக்கிறாள். அப்போதுதான் டூட்டி முடிந்து வந்த அவள் வீட்டுக்காரர் வாசலிலிருந்தே கத்தியிருக்கிறார்.

"பத்த வைக்காதே! கேஸ்! தெருவரைக்கும் நாறுது, கீழ போடு அதை!"

ஓடி வந்து தீப்பெட்டியைத் தட்டிவிட்டு, சிலிண்டரை மூடி, ஜன்னல்களையெல்லாம் திறந்தார். அடுப்புக்குப் போகிற ரப்பர் குழாயில் வெடிப்பு. எவ்வளவு நேரமாகக் கசிந்ததோ.

"மூக்கு என்ன ஆச்சு உனக்கு? இவ்வளவு நேரம் அதுலயேதானே நிக்கறே?"

அக்கா மூச்சை நன்றாக உள்ளே இழுத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. குழாயின் வெடிப்புக்கே மூக்கைக் கொண்டுபோனாள். ஒன்றுமில்லை. அலமாரியில் இருந்த வாசனை எண்ணெய்ப் பாட்டிலைத் திறந்தாள், காப்பித்தூள் டப்பாவைத் திறந்தாள், நறுக்கின வெங்காயத்தை எடுத்துக் கடித்தாள். கண்ணில் மட்டும் தண்ணீர் வந்ததாம். டாக்டரிடம் போனார்கள். வெளுப்புப் பவுடரின் நெடி, எத்தனை நாளாகவோ கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது, திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

மோப்பம் போனால் ருசியில் முக்கால்வாசி போய்விட்டது என்று அர்த்தம். அதை லேபில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது மேடம்தான். டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் தங்கைக்குப் போன் செய்தாள். எட்டு மாசத்தில் அவளாகச் செய்த முதல் போன்.

"அன்னைக்கு நான் சொன்னதை நம்பாதீங்க. எனக்கு மூக்கும் நாக்கும் போயிடுச்சு, எப்பப் போச்சுன்னே தெரியல. வேற யார்கிட்டயாவது குடுத்துப் பாக்கச் சொல்லு தம்பிய."

"என்னக்கா நீ! அவர் எல்லார்கிட்டயும் சொல்லிட்டார், நீயே நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன்னு. கையெழுத்தெல்லாம் போட்டு முடிஞ்சு போச்சு. இப்பப் போயி தெரியலைன்னா எப்படி?"

"பிள்ளைங்க குடிக்குதுங்களா?"

"பெரியவ குடிக்கறா. சின்னவன் இன்னும் பாட்டில் தண்ணிதான். அது பழகிப்போச்சு அவனுக்கு. நீ மறுபடி எதையாவது கிளப்பாதேக்கா, உனக்குப் புண்ணியமா போகும்."

இதையெல்லாம் அவள் என்னிடம் சொன்னது சலவைக்கூடத்துக்கு வெளியே ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்து. மூக்கு போனது தெரிந்தும் அந்த வேலையை விடவில்லை. "இனிமே போறதுக்கு என்ன இருக்கு?" என்றாள். என் மேல் அவளுக்குக் கோபம் இருக்கிறதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. நான் போனால் உட்கார இடம் விடுவாள், அவ்வளவுதான்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கட்டிடம் வரை போய்வரலாம் வா என்று அவளே கூப்பிட்டாள். இருவரும் பஸ்ஸில் போனோம். தங்கை வீட்டுக்கு ஏறவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு குழாய் இருந்தது, அதே தொட்டித் தண்ணீர். அவள் கையில் ஏந்திக் குடித்தாள். பிறகு என்னைக் குடிக்கச் சொன்னாள். குடித்தேன். எனக்கு எல்லாத் தண்ணீரும் ஒன்றுதான்.

கேட்டில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவரிடம் போனாள்.

"ஐயா, இங்க தண்ணி இப்ப எப்படி இருக்கு?"

"எனக்கென்னம்மா தெரியும்?" என்றார் அவர். நாற்காலிக்கடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினார். "நான் வீட்லேருந்து கொண்டாந்துடறேன்."

அக்கா தலையாட்டினாள். மத்தியான ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, பஸ் நிற்கிற பக்கமாக எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தாள்.